தாவரத்தின் இரும்புச் சேமிப்பு மரபணுக்களைப் படித்தறிவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

இலையில் ஃபெரிட்டின் மரபணுவின் தூது ஆர்.என்.ஏ பல மடங்கு உயர்ந்திருப்பதைக் காட்டும் ஒரு வரைபடத்தைக் கண்டவுடன், "இச்செடி கூடுதலாக இரும்பைச் சேமித்து வைக்கிறது" என்று எழுதிவிடத் தோன்றும். பெரும்பாலும் அது அவசர முடிவாகவே இருக்கும். ஃபெரிட்டின் இரும்பைத் தன்னுள் அடைத்து வைக்கும் புரதம் என்பது உண்மைதான். ஆனால் தாவரம் அதைக் களஞ்சியமாகப் பயன்படுத்துவதைக் காட்டிலும், கட்டுக்கடங்காமல் திரியும் இரும்பைப் பிடித்து வைக்கும் காவலாகவே அதிகம் பயன்படுத்துகிறது. எனவே இந்த மரபணுக்களின் ஏற்ற இறக்கத்தைப் புரிந்துகொள்ள விரும்புபவர், செடியில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று கேட்பதற்கு முன், அந்த நேரத்தில் அந்த உயிரணுவுக்குள் எவ்வளவு இரும்பு கட்டற்று இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது, எங்கே போகவிருக்கிறது என்று கேட்க வேண்டும். கீழே வரும் படிகள் அந்த வரிசையில் அமைந்தவை. தாவர உயிரியலில் அடிப்படை அறிந்த மாணவரையும், ஆய்வகத்தில் முதன்முறையாக இப்பொருளைத் தொடுபவரையும் மனத்தில் வைத்து இதை எழுதியுள்ளேன்.

முதற்படி: புரதத்தின் வேலையைத் தெரிந்துகொள்ளுதல்

ஃபெரிட்டின் என்பது 24 துணையலகுகள் கூடி அமைக்கும் உள்ளீடற்ற கோளம். அதன் வெளி விட்டம் ஏறத்தாழ 12 நானோமீட்டர், உட்குழியின் விட்டம் ஏறத்தாழ 8 நானோமீட்டர். கொள்கை அளவில் அக்குழிக்குள் 4500 இரும்பணுக்கள் வரை அடங்கும். கரையும் தன்மை கொண்ட ஃபெரஸ் இரும்பு கோளத்தின் நுண்துளைகள் வழியாக உள்ளே நுழைந்து, அங்குள்ள ஆக்சிஜனேற்ற மையத்தில் ஃபெரிக் இரும்பாக மாறி, கனிமமாகப் படிகிறது. இதனால் செடிக்குக் கிடைக்கும் பயன் இரண்டு. இரும்பு பின்னர் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய வடிவில் தங்குகிறது. அதைவிட முக்கியமாக, ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிந்து உயிரணுவைச் சேதப்படுத்தும் ஹைட்ராக்சில் தனியுறுப்புகளை உண்டாக்கும் ஃபென்டன் வினைக்கு அது கிடைக்காமல் போகிறது. ஹைட்ராக்சில் தனியுறுப்பைத் தடுக்க உயிரணுவிடம் எந்த நொதியும் இல்லை. ஆகவே அது உருவான பின் அழிப்பதைவிட, உருவாகாமல் தடுப்பதே வழி.

இப்புரதத்தை 1937-இல் குதிரையின் மண்ணீரலிலிருந்து விலேம் லாஃப்பெர்கர் பிரித்தெடுத்தார். விலங்கு ஃபெரிட்டினுக்கும் தாவர ஃபெரிட்டினுக்கும் கட்டமைப்பில் நெருங்கிய ஒற்றுமை உண்டு. ஆனால் மரபணுக் கட்டுப்பாட்டைப் படிப்பவர் மூன்று வேறுபாடுகளை மறக்கக் கூடாது. தாவர ஃபெரிட்டின் சைட்டோபிளாசத்தில் தங்குவதில்லை. தனிச் சவ்வு சூழ்ந்த உயிரணு உறுப்புகளான கணிகங்களுக்குள், பச்சை இலைகளில் பசுங்கணிகங்களுக்குள், அனுப்பப்படுகிறது. அதற்கான முகவரித் துண்டு புரதத்தின் முன்முனையில் இருந்து, உள்ளே போனதும் வெட்டி எறியப்படுகிறது. இலையின் இரும்பில் 80 முதல் 90 விழுக்காடு வரை பசுங்கணிகத்திலேயே இருக்கிறது. ஒளிச்சேர்க்கையின் முதலாம் ஒளித்தொகுதி ஒன்றுக்கே 12 இரும்பணுக்கள் தேவைப்படுகின்றன. ஒளியும் ஆக்சிஜனும் இரும்பும் ஒரே அறையில் கூடும் இடம் அதுதான் என்பதால், காவலும் அங்கேயே நிற்கிறது. இரண்டாவதாக, தாவர ஃபெரிட்டினின் கனிம மையத்தில் பாஸ்பேட் மிகுதியாக இருக்கிறது. இத்தகவல் பின்னர் ஒரு புதிரை அவிழ்க்க உதவும். மூன்றாவது வேறுபாடு கட்டுப்பாடு நிகழும் மட்டத்தைப் பற்றியது. அதற்குத் தனிப் படியே தேவை.

இரண்டாம் படி: எந்த மரபணுவைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்குதல்

"ஃபெரிட்டின் உயர்ந்தது" என்ற வாக்கியம் பொருளற்றது. எந்த ஃபெரிட்டின் என்று சொல்ல வேண்டும். ஆய்வகங்களில் மாதிரித் தாவரமாகப் பயன்படும் சிறு செடியான அராபிடாப்சிஸில் நான்கு ஃபெரிட்டின் மரபணுக்கள் உள்ளன. ஃபெர்1, ஃபெர்3, ஃபெர்4 ஆகியவை வேர், இலை, பூ போன்ற உறுப்புகளில் செயல்படுபவை. இரும்பு மிகும்போது தெளிவாக எழுபவற்றில் முதன்மையானது ஃபெர்1. ஃபெர்2 விதையில் செயல்படுவது. அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஹார்மோனுக்கு இசைந்து எழுவதும் அதுவே. ஃபெர்4 பசுங்கணிகத்துக்கு மட்டுமன்றி மைட்டோகாண்ட்ரியாவுக்கும் செல்கிறது.

மக்காச்சோளத்திலும் இதே பிரிவினை வேறு உருவில் தெரிகிறது. அங்கு ஒரு ஃபெரிட்டின் மரபணு இரும்பு மிகுதியும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும் எழுப்பும் பாதையில் இயங்குகிறது. மற்றொன்று அப்சிசிக் அமிலத்தின் கட்டளைக்கு இசைகிறது. ஒரே புரதக் குடும்பத்துக்கு இரண்டு வெவ்வேறு வாசல்கள் இருப்பது தற்செயலன்று. ஒன்று நெருக்கடியின் வாசல், மற்றொன்று வளர்ச்சிக் காலஅட்டவணையின் வாசல். ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படிக்கும்போது, அதன் ஆசிரியர்கள் எந்த வாசலில் நின்று பேசுகிறார்கள் என்பதை முதலில் குறித்துக்கொள்வது பல குழப்பங்களைத் தவிர்க்கும்.

மூன்றாம் படி: அணைந்த நிலையே இயல்பு நிலை என்பதை ஏற்றுக்கொள்ளுதல்

விலங்கு உயிரணுவில் ஃபெரிட்டினின் தூது ஆர்.என்.ஏ முன்னதாகவே தயாராக இருக்கிறது. இரும்பு குறைவாக உள்ளபோது அதன் தொடக்கத்தில் ஒரு புரதம் அமர்ந்து மொழிபெயர்ப்பைத் தடுக்கிறது. இரும்பு வந்ததும் அப்புரதம் விலகுகிறது. தாவரம் இவ்வழியைப் பின்பற்றவில்லை. இங்கே முதன்மையான கட்டுப்பாடு படியெடுத்தலில், அதாவது மரபணுவிலிருந்து தூது ஆர்.என்.ஏ எழுதப்படும் கட்டத்தில் நிகழ்கிறது. விலங்குகளைப் பற்றிய பாடநூல் படத்தைத் தாவரத்தின் மேல் ஒட்டிவிடும் தவறு இன்னும் அடிக்கடி கண்ணில் படுகிறது.

அராபிடாப்சிஸின் ஃபெர்1 மரபணுவில் படியெடுத்தலைத் தொடங்கி வைக்கும் முன்னியக்கிப் பகுதியில், பதினைந்து எழுத்துகளைத் தாண்டாத ஒரு சிறு துண்டு இருக்கிறது. இரும்புசார் ஒழுங்குத் தொடர் என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். அத்துண்டை மாற்றிக் கெடுத்தால், மரபணு எழ முடியாமல் போகும் என்றுதான் எதிர்பார்ப்போம். நடப்பது அதற்கு நேர்மாறு: இரும்பு குறைவாக உள்ள நிலையிலும் மரபணு விழித்தே இருக்கிறது. எனவே அத்துண்டு எழுப்பும் விசையன்று, அடக்கும் பூட்டு. இரும்பு மரபணுவைத் தூண்டுகிறது என்பதைவிட, அதன் மேலிருந்த பூட்டை இரும்பு விலக்குகிறது என்பதே சரியான விவரிப்பு. இந்தப் பூட்டு மக்காச்சோளத்தின் இரும்புசார் மரபணுவிலும் காணப்படுகிறது.

பூட்டைப் பிடித்திருப்பது யார் என்ற கேள்விக்குப் பின்னர் வந்த ஆய்வுகள் விடை தந்தன. ஐ.எல்.ஆர்.3 என்ற படியெடுத்தல் காரணியும் (படியெடுத்தலை ஆளும் புரதம்) பாப்பை என்ற மற்றொரு காரணியும் இணைந்து, இரும்புப் பற்றாக்குறையின்போது ஃபெர்1, ஃபெர்3, ஃபெர்4 ஆகியவற்றை அடக்குகின்றன. இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. இதே ஐ.எல்.ஆர்.3 வேறு துணைவர்களோடு சேரும்போது, மண்ணிலிருந்து இரும்பை உறிஞ்சும் மரபணுக்களை எழுப்பும் அணியில் இடம்பெறுகிறது. துணைவரைப் பொறுத்து ஒரே காரணி உறிஞ்சலைத் திறக்கவும், சேமிப்பை மூடவும் செய்கிறது. பசித்த நேரத்தில் பெட்டியில் பூட்டி வைப்பது பொருளற்ற செயல் என்பதால், இவ்விரு வேலைகளும் ஒரே கையில் இருப்பது இயல்பே.

நான்காம் படி: இரும்பு வந்தபின் நடப்பவற்றை வரிசைப்படுத்துதல்

இப்பொருளில் மிகச் செழுமையான பகுதி இது. ஆகவே இங்கே சற்று நின்று போவோம். பட்டினியில் வைத்த அராபிடாப்சிஸ் உயிரணுக்களுக்கு இரும்பைக் கொடுத்தால், சில மணி நேரத்துக்குள் ஃபெர்1 தூது ஆர்.என்.ஏ உயர்கிறது. இந்த இடைவெளியில் நிகழ்வனவற்றை ஆய்வாளர்கள் தடைமருந்துகளின் துணையோடு ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினர்.

முதலில் செய்தி கடத்தும் மூலக்கூறான நைட்ரிக் ஆக்சைடு தோன்றுகிறது. இரும்பு சேர்த்த சிறிது நேரத்துக்குள்ளேயே அது கணிகங்களில் தென்படுகிறது. அதை உறிஞ்சிவிடும் பொருளை முன்கூட்டியே சேர்த்தால், இரும்பு இருந்தும் ஃபெர்1 எழுவதில்லை. அடுத்து, பாஸ்பேட் தொகுதியைப் புரதங்களிலிருந்து கழற்றும் ஒரு நொதியின் வேலை தேவைப்படுகிறது. ஒக்கடாயிக் அமிலம் அந்நொதியைத் தடுக்கும்போது பாதை நடுவிலேயே நின்றுவிடுகிறது. இறுதியாக, பூட்டைப் பிடித்திருக்கும் அடக்கும் புரதம் சிதைக்கப்பட வேண்டும். உயிரணுவின் புரதச் சிதைப்பு இயந்திரமான புரோட்டியசோமை எம்.ஜி.132 என்ற மருந்தால் நிறுத்தினால், இரும்பின் செய்தி மரபணுவை எட்டுவதில்லை. அடக்கும் புரதம் அழிந்தால்தான் மரபணு விடுபடுகிறது என்பதை இச்சோதனை காட்டுகிறது.

மரபணு விழித்ததோடு கதை முடிந்துவிடுவதில்லை. எழுதப்பட்ட தூது ஆர்.என்.ஏ எவ்வளவு காலம் வாழும் என்பதும் தனியே ஒழுங்குபடுத்தப்படுகிறது. ஃபெர்1-இன் பின்முனையில் மொழிபெயர்க்கப்படாத பகுதியில் உள்ள ஒரு கூறு, இரும்பும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும் மிகும்போது அந்தத் தூது ஆர்.என்.ஏ-வை விரைந்து சிதைக்க வழிவகுக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இது முரணாகத் தோன்றலாம்: ஒரு கையால் எழுப்பிவிட்டு, மறு கையால் அழிப்பானேன்? ஆனால் இரும்பு அலையாக வரும் சூழலில், எழுச்சி உச்சத்துக்குச் சென்று தானே இறங்க வேண்டும். இறங்காமல் நீடித்தால், ஒளிச்சேர்க்கைக்குப் போக வேண்டிய இரும்பும் பெட்டிக்குள் போய்விடும். இந்தச் சிதைவுப் பாதை குலைந்த செடிகள் இரும்பையும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தையும் சமாளிப்பதில் தடுமாறுகின்றன.

ஆகவே ஒரே நேரத்தில் எடுத்த ஒரே அளவீட்டைக் கொண்டு எதையும் சொல்லிவிட முடியாது. மூன்று மணி நேரத்தில் உயர்ந்து, இருபத்து நான்கு மணி நேரத்தில் தணிந்த ஒரு மரபணுவை, இரண்டாம் புள்ளியில் மட்டும் அளந்தவர் "மாற்றமில்லை" என்று எழுதிவிடுவார்.

ஐந்தாம் படி: வளர்ச்சியின் காலஅட்டவணையோடு பொருத்துதல்

பட்டாணிச் செடியைப் பின்தொடர்ந்தால் இந்தக் காலஅட்டவணை தெளிவாகத் தெரியும். முதிரும் விதையில் ஃபெரிட்டின் சேர்கிறது. முளைக்கும்போது சிதைந்து மறைகிறது. இளம் இலையில் மறுபடியும் தோன்றுகிறது. இலை முதிர்ந்து ஒளிச்சேர்க்கை இயந்திரம் முழுமை பெறும்போது மறைகிறது. இளம் இலைக்குள் இரும்பு வந்து சேரும் வேகமும், அதை ஒளித்தொகுதிகளில் பொருத்தும் வேகமும் ஒன்றாக இருப்பதில்லை. இந்த இடைவெளியில் இரும்பைத் தாங்கி நிற்பது ஃபெரிட்டின். அவரைக் குடும்பத்தின் வேர் முண்டுகளிலும் இதே ஒழுங்கைக் காணலாம்: தொடக்கத்தில் ஃபெரிட்டின் சேர்ந்து, இரும்பு தேவைப்படும் புரதங்களான லெக்ஹீமோகுளோபினும் நைட்ரஜனேசும் கட்டப்படும்போது குறைகிறது.

விதைக்கு வரும்போது எல்லாத் தாவரங்களையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. பட்டாணிக் கருவின் இரும்பில் ஏறத்தாழ 90 விழுக்காடு ஃபெரிட்டினில் இருப்பதாக 1998-இல் வெளியான ஆய்வு அளந்தது. அராபிடாப்சிஸ் விதையிலோ, ஃபெரிட்டின் பிடித்திருப்பது மொத்த இரும்பில் ஏறத்தாழ 5 விழுக்காட்டுக்கு உட்பட்டதே. மீதமுள்ளதன் பெரும்பகுதி எங்கே இருக்கிறது என்பதைப் பெர்ல்ஸ் சாய முறை கண்ணுக்கு நேரே காட்டிவிடும். பொட்டாசியம் ஃபெரோசயனைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலில் கருவை ஊறவைத்தால், ஃபெரிக் இரும்பு உள்ள இடமெல்லாம் நீலமாகிறது. உருப்பெருக்கியின் கீழ், வித்திலைகளுக்குள் கிளைக்கும் நாளத்தை ஒட்டி, ஒற்றை உயிரணு அடுக்காக ஒரு நீலக் கோடு ஓடுவதைக் காணலாம். அந்த அடுக்கு அகத்தோல். அதன் உயிரணுக்களில் இரும்பு, சேமிப்புப் பைகளான வாக்குவோல்களுக்குள் இருக்கிறது. அங்கே இரும்பை ஏற்றுவது விட்1 என்ற கடத்திப் புரதம். அது இல்லாத விதையில் மொத்த இரும்பின் அளவு மாறுவதில்லை, அதன் இருப்பிடம் மட்டும் குலைகிறது. முளைக்கும்போது அதை வெளியே எடுப்பவை என்ராம்ப்3, என்ராம்ப்4 என்ற கடத்திகள். இவை இரண்டும் இல்லாத நாற்று, இரும்பு குறைந்த ஊடகத்தில் வளர்ச்சி நின்றுவிடுகிறது.

அப்படியானால் அராபிடாப்சிஸ் விதையில் ஃபெர்2-க்கு என்ன வேலை? அம்மரபணு இல்லாத விதைகள் இயல்பாகவே முளைக்கின்றன. ஆனால் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை உண்டாக்கும் மருந்தைக் கொடுத்தால், முளைப்பதில் அவை மற்றவற்றைவிடத் தடுமாறுகின்றன. 2009-இல் வெளியான இவ்வாய்வே, ஃபெரிட்டின் அராபிடாப்சிஸுக்குக் களஞ்சியத்தைவிடக் காவலாகவே இன்றியமையாதது என்ற கருத்தை உறுதிப்படுத்தியது. அவ்வாய்வில் ஃபெர்1, ஃபெர்3, ஃபெர்4 மூன்றும் நீக்கப்பட்ட செடிகள் வழக்கமான மண்ணில் நலமாக வளர்ந்தன; இரும்பு மிகுந்த நீரைப் பாய்ச்சியபோதுதான் வளர்ச்சி குன்றி, பூக்களிலும் கருவுறுதலிலும் கோளாறுகள் தோன்றின.

விதை மற்றொரு பாடத்தையும் தருகிறது. விதையில் ஃபெரிட்டினின் அளவு தூது ஆர்.என்.ஏ-வை மட்டும் பொறுத்ததன்று. புரதம் உருவான பின் அது நிலைத்திருப்பதும் சிதைவதும், இரும்பு வாக்குவோலுக்கும் கணிகத்துக்கும் இடையே எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதைப் பொறுத்து அமைகின்றன. மரபணு அளவீட்டோடு நின்றுவிடும் ஆய்வு விதையில் தோற்றுப்போவது இதனால்தான்.

இலையின் முதுமையில் காவல் மீண்டும் வருகிறது. முதுமை தொடங்கும்போது ஒளிச்சேர்க்கை இயந்திரம் பிரிக்கப்பட்டு இரும்பு விடுபடுகிறது. ஃபெர்1 அப்போது உயர்கிறது. ஃபெர்1 இல்லாத செடியில் முதுமை சீக்கிரமே தலைகாட்டுகிறது.

ஆறாம் படி: அழுத்தங்களைப் பிரித்துப் பார்த்தல்

அழுத்தம் என்ற ஒரே சொல்லுக்குள் பல வெவ்வேறு பாதைகள் ஒளிந்திருக்கின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடும், தாங்க முடியாத ஒளியும் ஃபெர்1-ஐ எழுப்புவதை விளக்குவது எளிது. இரண்டிலும் ஃபென்டன் வினையின் அபாயம் நேரடியானது. நுண்ணுயிர்த் தாக்குதலில் நிலைமை இன்னும் சுவையானது. டிக்கேயா டாடன்டி என்ற பாக்டீரியா, இலைக்குள் நுழைந்து சிடரோஃபோர் என்னும் இரும்பு கவரும் பொருளைச் சுரக்கிறது. அராபிடாப்சிஸ் உடனே ஃபெர்1-ஐ எழுப்பி, இரும்பை எதிரியின் கைக்கு எட்டாமல் ஒளித்துக்கொள்கிறது. ஃபெர்1 இல்லாத செடி இந்நோய்க்கு எளிதில் இரையாகிறது.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு பாஸ்பேட் பற்றாக்குறை. பாஸ்பேட் குறையும்போது, இரும்பின் அளவு எதுவாக இருந்தாலும், ஃபெர்1 எழுகிறது. பாஸ்பேட் பட்டினியின் தலைமைக் காரணியான பி.எச்.ஆர்.1, தன் துணைக் காரணியுடன் சேர்ந்து ஃபெர்1-இன் முன்னியக்கியில் வேறொரு இடத்தில் நேரடியாக அமர்கிறது. மூன்றாம் படியில் பார்த்த பூட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. உயிரணுவில் பாஸ்பேட் இரும்போடு இணைந்து அதை ஓரளவு கட்டி வைக்கிறது என்பதையும், தாவர ஃபெரிட்டினின் கனிம மையமே பாஸ்பேட் மிகுந்தது என்பதையும் நினைவுகூர்ந்தால் இதன் நியாயம் புலப்படும். பாஸ்பேட் குறைந்தால் இரும்பு அவிழ்கிறது. அது அவிழ்வதற்கு முன்பே காவலை நிறுத்திவிடுவது நல்ல முன்னேற்பாடு.

நாளின் நேரமும் ஒரு கட்டுப்பாடே. ஃபெர்1-இன் அளவு உயிரணுவின் நாட்கடிகாரத்தோடு ஏறி இறங்குகிறது. அதை அடக்கி வைப்பதில் "காப்பி நேரம்" என்று பொருள்படும் வேடிக்கைப் பெயர் கொண்ட ஒரு கடிகார மரபணு பங்கு வகிக்கிறது. அது குலைந்த செடி இரும்பு மிகுதிக்கு மிகை உணர்வு காட்டுகிறது.

ஏழாம் படி: சோதனையை வடிவமைத்தல்

நாட்கடிகாரத்தைப் பற்றி மேலே சொன்னது ஆய்வகத்தில் உடனடி விளைவு கொண்டது. கட்டுப்பாட்டுச் செடிகளைக் காலையிலும், இரும்பு கொடுத்த செடிகளை மாலையிலும் அறுவடை செய்தால், அளக்கப்படுவது இரும்பின் விளைவா கடிகாரத்தின் விளைவா என்று பிரிக்கவே முடியாது. இந்தத் தவற்றை நானும் ஒரு முறை செய்து, மூன்று வார வேலையைக் குப்பையில் கொட்டியிருக்கிறேன். ஒவ்வொரு நேரப்புள்ளிக்கும் இரும்பு கொடுக்காத இணைச் செடிகளை அதே மணியில் அறுவடை செய்யுங்கள்.

ஊடகத்தில் இரும்பைக் கட்டுப்படுத்துவது நினைப்பதைவிடக் கடினம். ஊடகத்தை இறுக்கப் பயன்படும் அகாரில் எப்போதும் இரும்பு மாசு இருக்கும். "இரும்பில்லாத ஊடகம்" என்று பெயரிட்டுவிட்டால் மட்டும் இரும்பு போய்விடாது. ஃபெரோசின் போன்ற பிடிபொருளைச் சேர்ப்பது அல்லது அகாரின்றி நீர்க்கரைசலில் வளர்ப்பது இதற்கு மாற்று. இரும்பு-ஈ.டி.டி.ஏ ஒளியில் சிதைவது என்பதால், கரைசலை இருட்டில் வைத்திருங்கள். பாஸ்பேட்டின் அளவை எக்காரணம் கொண்டும் இணையாக மாற்றாதீர்கள். மாற்றினால் இரும்பின் வாசலையும் பாஸ்பேட்டின் வாசலையும் ஒரே நேரத்தில் தட்டியதாகிவிடும்.

அளவிடும்போது நான்கு மரபணுக்களையும் தனித்தனியே அடையாளம் காணும் பிரைமர்களை (அளக்கும் மரபணுவில் ஒட்டும் குறுந்துண்டுகளை) தேர்ந்தெடுங்கள். அவற்றின் வரிசைகள் நெருங்கியவை என்பதால், கவனக்குறைவான பிரைமர் இரண்டு மரபணுக்களைச் சேர்த்தே அளந்துவிடும். தூது ஆர்.என்.ஏ-வோடு புரதத்தையும் நோய்எதிர்ப்புப் பொருள் கொண்டு அளந்து, உறுப்பின் மொத்த இரும்பைப் பிளாஸ்மா நிறமாலைமானியால் கணக்கிடுங்கள். வேர்களை அளப்பதாக இருந்தால், உயிரணுச் சுவரில் ஒட்டியிருக்கும் இரும்பை முதலில் கழுவி நீக்க வேண்டும்; இல்லையெனில் வெளியே ஒட்டியதே உள்ளே புகுந்ததாகக் கணக்கில் ஏறும். கூடவே இரும்பு உறிஞ்சும் ஐ.ஆர்.டி.1 மரபணுவையும் அளப்பது நல்லது. அது இறங்கி ஃபெர்1 ஏறினால், செடி இரும்பு மிகுதியை உணர்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஏறினால், ஆக்சிஜனேற்ற அழுத்தம், பாஸ்பேட், நாட்கடிகாரம் ஆகியவற்றின் பக்கம் திரும்பிப் பாருங்கள்.

எட்டாம் படி: மரபணுவை மிகைப்படுத்தும்போது எச்சரிக்கை

மிகைப்படுத்திய ஃபெரிட்டின் அழுத்தத்தைத் தாங்க உதவும் என்பதில் ஐயமில்லை. குதிரைமசால் ஃபெரிட்டினைப் பெற்ற புகையிலைச் செடிகள் ஆக்சிஜனேற்றச் சேதத்தையும் சில நோய்களையும் எதிர்த்து நின்றதாக 1999-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே ஆண்டில், சோயா ஃபெரிட்டின் மரபணுவை நெல்லின் விதையில் செயல்பட வைத்தபோது, தானியத்தின் இரும்பு மூன்று மடங்கு வரை உயர்ந்தது. ஆனால் பின்னர் ஃபெரிட்டினின் அளவை மேலும் பல மடங்கு கூட்டிய முயற்சிகளில், இரும்பு அதற்கிணையாக உயரவில்லை. மாறாக இலைகளில் இரும்பு குறைந்தது. பெட்டியைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது, பெட்டிக்குள் போடுவதற்குரிய பொருள் வேரிலிருந்து தண்டின் வழியே விதையின் கணிகம் வரை வந்து சேர வேண்டும். அராபிடாப்சிஸில் செய்த அளவீடுகள், கனியின் உறையிலிருந்து விதைக்குள் உலோகங்கள் கடக்கும் இடமே முதல் சுங்கச்சாவடி என்றும், விதைக்குள் வாக்குவோலும் கணிகமும் இரும்புக்குப் போட்டியிடும் இடம் இரண்டாவது என்றும் காட்டியுள்ளன. எனவே தானியத்தில் இரும்பை உயர்த்த நினைப்பவர், ஃபெரிட்டின் மரபணுவோடு கடத்திப் புரதங்களின் மரபணுக்களையும் சேர்த்தே திட்டமிட வேண்டியிருக்கிறது.